வண்டி செலவு வைக்கிறதா? பாகத்தை மாற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள்

காரில் கோளாறு வந்தால், அதைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவை விட, எது கோளாறு என்றே தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதில்தான் அதிகப் பணம் போகிறது. "பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க" என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தால், மெக்கானிக் பேட்டரியை மாற்றித்தான் தருவார். புது பேட்டரியும் படுத்த பிறகுதான், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவர் மேல் தப்பில்லை, நாம் கேட்டதைச் செய்தார்.

அதனால் வொர்க்‌ஷாப்பில் பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், அறிகுறியைச் சொல்லுங்கள். அதிலும் என்ன ஆகிறது என்பதை விட எப்போது ஆகிறது என்பது முக்கியம். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, இன்ஜின் சூடான பிறகா? எந்த வேகத்தில்? பிரேக் மிதித்தாலா, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலா, ஏசி போட்டாலா? கீழே வருவதெல்லாம் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகும். காசில்லாமல் பார்க்க முடிந்ததை முதலில் பார்ப்போம், கழற்றிப் பார்க்க வேண்டியதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். கையில் ஒரு டார்ச், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், சாதாரண மல்டிமீட்டர், வண்டியோடு வந்த கையேடு, இவ்வளவு இருந்தால் போதும்.

மைலேஜ் குறைந்துவிட்டது

நிஜமாகவே குறைந்திருக்கிறதா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் தெரியும் எண் வண்டி தானாகப் போடும் கணக்கு, அதை மட்டும் நம்ப வேண்டாம். பம்ப் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் உண்மையான மைலேஜ். ஒரே ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பம்ப் நிற்கும் இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலே கணக்கு மாறிவிடும். மூன்று டேங்க் தொடர்ந்து பாருங்கள்.

குறைந்தது உண்மைதான் என்றால், வண்டியை விட்டுவிட்டு உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் அதிக எரிபொருள் குடிக்கும். முன்பு தினமும் நீண்ட தூரம் போய்வந்தவர் இப்போது மூன்று கிலோமீட்டருக்குள் போய்த் திரும்பினால், இன்ஜின் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடும். மைலேஜ் விழத்தான் செய்யும், ஆனால் மாதக் கடைசியில் எரிபொருள் செலவும் குறைந்திருக்கும். இது கோளாறே இல்லை. கூரை மேல் கேரியர் மாட்டியது, நிறுத்திய வண்டியில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் இந்த வகைதான்.

அடுத்தது டயர் காற்று. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைத்துக் காற்றுப் பிடிக்கக் கூடாது. டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். எந்தக் குறையும் இல்லாத டயரே மாதத்துக்குச் சுமார் 1 பிஎஸ்ஐ இழக்கும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் இன்னும் ஒன்றரை, இரண்டு போய்விடும்.

காற்றும் சரி என்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பாருங்கள். பலரும் தவறவிடும் சோதனை இது. ஒரு பத்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டிவிட்டு மெதுவாக நிறுத்துங்கள். இறங்கிப் போய் ஒவ்வொரு சக்கரத்தின் ரிம் அருகிலும் புறங்கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், சூடு வந்து மோதுவதே தெரியும். முன்சக்கரம் இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும், பின்சக்கரம் இரண்டும் அப்படியே. ஒன்று மட்டும் தகித்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் பேடை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பர் முழுதாக விடவில்லை. பின்சக்கரமாக இருந்தால் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கலாம். இதோடு ஓட்டினால் எரிபொருள் மட்டுமில்லை, பேடும் டிஸ்கும் சேர்ந்து கரையும்.

அப்புறம் டெம்பரேச்சர் முள். கால் மணி நேரம் ஓடிய பிறகும் வழக்கமான இடத்துக்கு ஏறாமல் கீழேயே கிடந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி கூடுதல் எரிபொருளைத் தெளித்துக்கொண்டே இருக்கும். வண்டி கொதித்தால் எல்லோரும் பதறுகிறோம். சூடே ஏறாவிட்டால் யாரும் கவலைப்படுவதில்லை, அதனால் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். மாற்றுவதற்கு அப்படியொன்றும் பெரிய பாகமும் இல்லை.

மைலேஜ் போச்சு என்றதும் வொர்க்‌ஷாப்பில் முதலில் கை வைப்பது ஏர் ஃபில்டரில்தான். பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு அது நியாயம். எரிபொருளைக் கணினி தெளிக்கும் வண்டிகளில், உள்ளே வரும் காற்றுக்குத் தகுந்தபடி எரிபொருளும் குறைக்கப்படும். ஃபில்டர் அடைத்தால் போவது பெரும்பாலும் பிக்கப்தான், மைலேஜ் அவ்வளவாகப் போகாது. கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு மாற்றுங்கள், தூசியில் ஓடும் வண்டி என்றால் இன்னும் சீக்கிரம். மைலேஜை மீட்கும் மருந்து என்று நினைத்து மாற்றாதீர்கள்.

கியர் மாற்றி ஓட்டும் வண்டியில் கடைசியாக ஒன்று. மேல் கியரில் நடுத்தர வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் விருட்டென்று ஏறி, வேகம் அந்த அளவுக்கு ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியைத் திருப்பும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'டக் டக் டக்' என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதில் வயர் மாட்டும் டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு கனமான 'டக்' கேட்டு, விளக்கு மங்காமல் இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பேட்டரியைத் திட்டிப் பயனில்லை. எரிபொருளோ தீப்பொறியோ போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் வண்டி என்றால் சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு மூன்று விநாடிக்கு மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும், அது எரிபொருள் பம்ப். கூடவே டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறதா என்றும் பாருங்கள். மின்னினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'பார்க்' நிலையில் இருக்கும்போது இன்ஜின் சுற்றவே இல்லை என்றால், பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு மாற்றி ஒருமுறை முயன்று பாருங்கள். அதில் ஸ்டார்ட் ஆனால் கியர் லிவர் சுவிட்ச்தான் காரணம்.

பேட்டரி பக்கம்தான் என்று தெரிந்தால் பானெட்டைத் திறந்து டெர்மினலைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். திரும்பினால் அதுவே காரணமாக இருக்கலாம். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

இனி மல்டிமீட்டர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான், 12.0 என்றால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட் போட்டதும் 13க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை விட்டுவிட்டு ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். சில புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வேண்டுமென்றே வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும், அதனால் ஒரு தடவை காட்டியதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

தினமும் ஓட்டினால் பிரச்சினையில்லை, நான்கு நாள் நிறுத்தினால் படுத்துவிடுகிறது என்றால் வேறு கதை. நிறுத்திய வண்டியில் ஏதோ ஒன்று கரண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே மாட்டிய ஸ்டீரியோ, டேஷ் கேமரா, அணையாத டிக்கி விளக்கு, இவைதான் வழக்கமான ஆசாமிகள். வண்டியைப் பூட்டி அரைமணி விட்ட பிறகு மைனஸ் வயரில் ஓடும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுத்ததும் இறங்குகிறது என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். புது பேட்டரி வாங்கினாலும் இந்தக் கசிவு அதையும் தின்றுவிடும்.

டயர் சீக்கிரம் தேய்கிறது

எங்கே தேய்கிறது என்பதிலேயே பதில் இருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் என்றால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், சரியில்லை. அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் உள்ளங்கையை டயரின் குறுக்கே இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது வழவழப்பு, திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி சொரசொரப்பு என்றால் அலைன்மென்டில் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், சரியில்லை. தேய்மானம் கண்ணில் படுவதற்கு முன்பே கை சொல்லிவிடும். அலைன்மென்ட் செய்யாமல் புது டயர் போடுவது வீண்.

டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அதிகம் ஓடாத வண்டியில் வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றிருந்தால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. விற்காமல் கிடந்த பழைய டயரைப் 'புதுசு' என்று தலையில் கட்டாமல் இருக்கவும் இந்த எண் உதவும்.

ஸ்டீயரிங் நடுங்குகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது

நடுக்கம் 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் வந்து, தாண்டினால் குறைந்தால் சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை, வீல் பேலன்சிங் செய்ய வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் டிஸ்க் சமமாக இல்லை. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் என்றால் இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும் டிரைவ் ஷாஃப்ட், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் பக்கம் பாருங்கள். மூன்றுக்கும் 'வண்டி ஆடுது' என்றுதான் நாம் சொல்லுவோம், மூன்றுக்கும் அலைன்மென்ட் செய்து பணம் வாங்குகிற இடங்களும் உண்டு. அலைன்மென்டால் தீருவது பெரும்பாலும் ஒரு பக்கம் இழுப்பதுதான், நடுக்கம் இல்லை. இழுப்பிலும் ஒரு விஷயம்: முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுக்கும் திசையும் மாறினால் குற்றம் டயருடையது. ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய, அம்புக்குறி போட்ட டயருக்கு இது ஆகாது.

ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி வண்டியை நகர்த்தும்போது 'கடக் கடக்' என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க ஜாயிண்ட். அதன் மேல் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும். சத்தம் வருவதற்கு முன் அந்தக் கிழிசலைப் பார்த்துவிட்டால் உறையும் கிரீஸும் மாற்றுவதோடு முடிந்துவிடும்.

பிரேக் சத்தம் போடுகிறது

காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கரகரத்து அடங்கிவிட்டால் அது டிஸ்க் மேல் படிந்த துரு, விட்டுவிடலாம். ஓடும்போது தொடர்ந்து 'கீச்' என்று கேட்டால், பேடில் இருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்கைத் தொடுகிறது. பேடை மாற்ற வேண்டிய நேரம் அதுதான், தடிமன் 3 மில்லிமீட்டருக்கு வந்திருக்கும். இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் என்றால் பேட் தீர்ந்தே போய்விட்டது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள், பேடோடு முடிய வேண்டியது டிஸ்க் வரை போய்விடும்.

பெடல் மெத்தென்று உள்ளே போனால் சத்தத்தை விட மோசம், அங்கேயே நிறுத்துங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியதும் அதற்கான அளவுகோலே 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். பல தயாரிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். டப்பாவில் அளவு இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய அளவு தானாகவே கொஞ்சம் இறங்கும். பேடைப் பாருங்கள், பேட் நன்றாக இருந்தால் கசிவைத் தேடுங்கள்.

டெம்பரேச்சர் ஏறுகிறது

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து மேலே பீய்ச்சும்.

ஆறிய பிறகு யோசியுங்கள், எப்போது ஏறியது? நெரிசலில் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸோ ரிலேவோ கூட காரணமாக இருக்கலாம். வேகமாக ஓடும்போது ஏறினால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று. வெளியே சொட்டே இல்லாமல் கூலண்ட் குறைந்துகொண்டே போய், ஆயில் மூடியில் பால் கலந்த மாதிரி படிவும், சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகையும் இருந்தால், இன்ஜினின் மேல், கீழ்ப் பகுதிகளுக்கு நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் தப்பில்லை, அப்படியே விட்டுவிடுவதுதான் தப்பு. அதிலிருக்கும் உப்பு உள்ளே படியும், துருவும் பிடிக்கும்.

நிறுத்திய இடத்தில் கறை

ராத்திரி ஓர் அட்டையை அடியில் விரித்து வையுங்கள். ஏசி ஓடிய பிறகு தெளிந்த தண்ணீர் சொட்டுவது இயல்பு. பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறம் என்றால் கூலண்ட். பழுப்போ கறுப்போ என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். சக்கரத்துக்கு நேர் கீழே வழவழவென்று மஞ்சளாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள்.

ஏசி குளிரவில்லை

'கேஸ் தீர்ந்துடுச்சு' என்பது பாதிப் பதில். கேஸ் எரிந்து தீருகிற பொருள் இல்லை, குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் வருடா வருடம் நிரப்புவது சந்தா கட்டுவதுதான். அதற்கும் முன்னால், காற்றே குறைவாக வருகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். பல வண்டிகளில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் எதிரே இருக்கும் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் கையாலேயே மாற்றிவிடலாம். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் குளிராவிட்டால் கண்டென்சர் ஃபேன்.

செக் இன்ஜின் விளக்கு

நிலையாக எரிந்தால், வண்டி ஓட்டத்தில் மாற்றமில்லை என்றால், அவசரமில்லாமல் காட்டலாம். மின்னினால் வேகத்தைக் குறைத்துச் சீக்கிரம் நிறுத்துங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும்.

வண்டியின் கணினியில் பதிவான கோளாறு எண்ணை ஸ்கேனர் காட்டும். அந்த எண் இடத்தைத்தான் சொல்லும், பாகத்தைச் சொல்லாது. பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை, அவ்வளவுதான். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று தெரியாது. காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றி மாட்டிப் பாருங்கள், எண்ணும் பி0302 ஆக மாறினால் காயில்தான். இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும், பாகம் எதுவும் வாங்க வேண்டாம். பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை) வந்ததும் கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்வார்கள். சைலன்சர் கசிவும், பின்பக்க ஆக்சிஜன் சென்சாரும் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு மேலே போங்கள். பி0455 (பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது) என்றால் பெட்ரோல் மூடியை இறுக்கிவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கோளாறு ஒன்றும் இல்லை, சர்வீஸ் பில் மட்டும் ஏறுகிறது

பில்லையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும் என்று அட்டவணை இருக்கும். பில்லை அதன் பக்கத்தில் வையுங்கள். அட்டவணையில் இல்லாத இன்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், கார்பன் நீக்கம் போன்றவை இருந்தால், எந்த அறிகுறிக்காக என்று கேளுங்கள். 'பண்ணா நல்லது சார்' என்பது அறிகுறி இல்லை. அதற்காக அட்டவணையில் இருப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். முக்கியமாக டைமிங் பெல்ட். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும்.

ஒவ்வொரு சர்வீஸிலும் 'கூலண்ட் டாப்-அப்' என்று ஒரு வரி வந்தால் கசிவு இருக்கிறது. ஆயில் டாப்-அப்பும் அப்படித்தான். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொண்டால் எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று தெரியும். தரையில் கறை இல்லை, சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அதை மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் மைலேஜும் சேர்ந்து குறையும்.

ஒரே பாகம் குறுகிய காலத்தில் இரண்டு தடவை பில்லில் வந்தால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பாகத்தில் இருக்காது. கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிரேக் பேட் என்றால் ஒரே சக்கரத்தின் இரண்டையும் ஜோடியாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பாதி மிச்சமிருக்க, இன்னொன்று தகடு வரை தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர வேண்டிய சிறு கம்பியில் (இதைத்தான் 'பின்' என்பார்கள்) கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கிறது. பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்று இருக்கும் கிரீஸைப் போடாமல் எந்தப் பேட் மாட்டினாலும் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.